வெந்நீருக்குக் காவல்

நம் வீடுகளில் கீசர் என்றால் குளியலறைச் சுவரில் தொங்கும் வெள்ளை உருளை. ஜனவரிக் குளிரில் சுவிட்சைத் தட்டிவிட்டு, சிவப்பு விளக்கு அணையும்வரை பல் தேய்த்துக்கொண்டு நிற்போம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதில்லை. ஐஸ்லாந்து நாட்டில் தரையிலிருந்து மேலே பீறிடும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயர் 'கெய்சிர்'. பீறிடுவது என்று பொருள். அந்த ஒரே ஒரு ஊற்றின் பெயர் உலகத்தில் உள்ள எல்லாப் பீறிடும் ஊற்றுகளுக்கும் பொதுப் பெயராகி, கடைசியில் நம் பிளம்பரின் வாய்க்கும் வந்து சேர்ந்தது.

அசல் கீசரைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒரு செப்டம்பர் மாதத்தில் கிடைத்தது. அக்கா மகன் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். அக்காவும் நானும் அவனிடம் போயிருந்தோம். "மாமா, இங்கே வந்துட்டு யெல்லோஸ்டோன் பார்க்காம போனா, ஆக்ரா போயிட்டு தாஜ்மகால் பார்க்காம வந்த மாதிரி" என்று சொல்லி, சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஐந்து மணி நேரம் காரோட்டி அழைத்துப் போனான். இரவு பூங்காவின் மேற்கு வாசலில் உள்ள சிற்றூரில் தங்கல். மறுநாள் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். புல்லெல்லாம் உறைபனி. அக்கா இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு சால்வையும் போர்த்தியிருந்தாள்.

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பிலாயில் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள். சார்தாம் யாத்திரை போனவள். யமுனோத்ரியில் சூரிய குண்டத்தின் கொதிநீரில், துணியில் முடிந்த அரிசியை இறக்கி வேகவைத்து, அதைப் பிரசாதமாக ஊருக்குக் கொண்டுவந்தவள். பத்ரிநாத்தில் தப்த குண்டத்தில் முழுகிவிட்டுத்தான் பெருமாளைச் சேவித்தாள். ஆகவே பூமியிலிருந்து வரும் வெந்நீர் அவளுக்குப் புதிதல்ல. அதை என்ன செய்ய வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒன்று, அதில் குளிக்க வேண்டும். இல்லையென்றால் சமைக்க வேண்டும்.

யெல்லோஸ்டோனின் பரப்பு 8,983 சதுர கி.மீ. நமது திரிபுரா மாநிலத்தைவிடச் சற்றுச் சிறியது. பெரும்பகுதி வயோமிங் மாநிலத்தில். ஓரங்கள் மொன்டானாவிலும் ஐடஹோவிலும். 1872 மார்ச் 1ஆம் தேதி ஜனாதிபதி யுலிசிஸ் கிராண்ட் கையெழுத்திட்ட சட்டத்தால் பிறந்தது. உலகின் முதல் தேசியப் பூங்கா என்ற பெயர் இதற்கு. நம் நாட்டின் முதல் தேசியப் பூங்கா, இன்றைய கார்பெட், 1936இல்தான் வந்தது.

பூங்காவின் அடியில் இருப்பது எரிமலை. சுமார் 6,40,000 ஆண்டுகளுக்கு முன் அது பேரளவில் வெடித்தபோது நிலம் உள்வாங்கி, ஏறக்குறைய 70 கி.மீ. நீளமும் 45 கி.மீ. அகலமும் உள்ள பெரும்பள்ளம் உண்டாயிற்று. கடைசியாக எரிமலைக் குழம்பு வழிந்து 70,000 ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அடியில் உள்ள சூடு ஆறவில்லை. வெந்நீர் ஊற்று, சேற்றுக் குமிழி, ஆவித் துளை, கீசர் என்று 10,000க்கும் மேற்பட்ட வடிவங்களில் அந்தச் சூடு மேலே எட்டிப் பார்க்கிறது. இவற்றில் 500க்கும் மேற்பட்டவை கீசர்கள். உலகத்தில் இயங்கும் கீசர்களில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு பூங்காவுக்குள் இருக்கின்றன.

வழியில் பைசன் மந்தை ஒன்று சாலையைக் கடந்தது. சாலையின் நடுவில் நின்று யோசித்தது. இருபது நிமிஷம் கார்கள் அணிவகுத்து நின்றன. ஒருவர் கூட ஹாரன் அடிக்கவில்லை. "நம்ம ஊர் எருமைக்கு இந்த மரியாதை கிடைக்கலையே" என்றாள் அக்கா. ஃபயர்ஹோல் ஆற்றின் இரு கரையிலும் தரையிலிருந்து ஆவி எழுந்தது. அதிகாலையில் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தின் பின்கட்டைத் தூரத்திலிருந்து பார்ப்பது போல இருந்தது.

ஓல்டு ஃபெய்த்ஃபுல்தான் இங்கே நட்சத்திரம். 'பழைய விசுவாசி' என்று சொல்லலாம். 1870இல் வாஷ்பர்ன் தலைமையில் வந்த ஆய்வுப் பயணக் குழு, அது தவறாமல் பீறிடுவதைப் பார்த்து வைத்த பெயர். அரைவட்டமாக பெஞ்சுகள் போட்டு, அடுத்த பீச்சு எத்தனை மணிக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது 8.52 என்று இருந்தது. பத்து நிமிஷம் முன்பின் ஆகலாம் என்ற குறிப்போடு. இந்தக் கணக்கில் மந்திரம் ஒன்றுமில்லை. முந்தின பீச்சு எத்தனை நிமிஷம் நீடித்தது என்று பார்க்கிறார்கள். இரண்டரை நிமிஷத்துக்குக் குறைவாக நீடித்திருந்தால் உள்ளே நிறையத் தண்ணீர் மிச்சம்; அடுத்தது சீக்கிரம் வரும். அதிகமாக நீடித்திருந்தால் தொட்டி காலி. ஒன்றரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். தொட்டி நிரம்பும் நேரத்தைப் பார்த்து மோட்டார் போடும் நம் வீட்டு அம்மாக்களின் அதே கணக்கு.

8.52 ஆயிற்று. கொஞ்சம் தெளித்துவிட்டு அடங்கியது. கூட்டத்தில் சலசலப்பு. மறுபடி தெளித்தது. அடங்கியது. 8.57க்குத் தரை உறுமியது போலிருந்தது. வெள்ளைத் தூண் ஒன்று நிமிர்ந்து எழுந்தது. எழுந்துகொண்டே போயிற்று. இதன் உயரம் 32 முதல் 56 மீட்டர் வரை என்று கணக்கு. உச்சத்தில் குதுப் மினாரின் முக்கால் உயரம். ஒரு தடவைக்கு 14,000 முதல் 32,000 லிட்டர் வரை தண்ணீர். மூன்றரை நிமிஷம் நின்றது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஆவி மட்டும் மிஞ்சியது. கூட்டம் கை தட்டியது. அக்கா கை கூப்பினாள். பிறகு சொன்னாள்: "இவ்வளவு வெந்நீர் வீணாப் போகுது. ஒருத்தரும் குளிக்கலையேடா!"

இது எப்படி நடக்கிறது? பிரஷர் குக்கர் வைத்திருக்கும் எவருக்கும் விளங்கும். கீசருக்கு மூன்று விஷயங்கள் தேவை: அடியில் சூடு, தொடர்ந்து வரும் தண்ணீர், நடுவே குறுகலான குழாய். மழையும் உருகிய பனியும் பாறை இடுக்குகளில் ஆழமாக இறங்கிச் சூடேறுகின்றன. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த இடத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆனால் ஆழத்தில் உள்ள தண்ணீரின் தலைமேல் ஒரு தண்ணீர்த் தூணின் கனம் அழுத்துகிறது. குக்கரின் வெயிட் போல. அதனால் 100 டிகிரியைத் தாண்டியும் அது கொதிக்காமல் இருக்கிறது. ஒரு கட்டத்தில் குமிழிகள் கிளம்பி, குறுகிய கழுத்தில் அடைபட்டு, மேலே உள்ள தண்ணீரில் கொஞ்சத்தை வெளியே தள்ளுகின்றன. நாங்கள் பார்த்த அந்த முதல் தெளிப்பு இதுதான். தலைமேல் இருந்த கனம் குறைந்ததும் ஆழத்துத் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி விரிகிறது. வெயிட்டைத் தூக்கிவிட்ட குக்கர்தான்.

ஆனால் இந்தக் குக்கரைத் தொழிற்சாலையில் செய்ய முடியாது. இங்குள்ள ரையோலைட் பாறையில் சிலிகா அதிகம். கொதிநீர் அதைக் கரைத்து எடுத்துவந்து, வரும் வழியெல்லாம் பூசிப் பூசி, அழுத்தம் தாங்கும் குழாயாக மாற்றுகிறது. இதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும். ஒரு கல் அடைத்துக்கொண்டாலோ, ஒரு விரிசல் விட்டாலோ கதை முடிந்தது. உலகில் வெந்நீர் ஊற்றுகள் ஆயிரக்கணக்கில் இருந்தும் கீசர்கள் அபூர்வமாக இருப்பதற்குக் காரணம் இந்தக் குழாய்தான்.

விசுவாசி என்று பெயர் வாங்கியதும் நிரந்தரம் அல்ல. 1959 ஆகஸ்டில் பக்கத்தில் ஹெப்கன் ஏரி அருகே பெரிய பூகம்பம் வந்தது. 28 பேர் இறந்தார்கள். 1983இல் ஐடஹோவில் இன்னொரு பூகம்பம். இரண்டுக்குப் பிறகும் ஓல்டு ஃபெய்த்ஃபுல்லின் இடைவெளி கூடியது. ஒரு காலத்தில் ஒரு மணி நேரத்தை ஒட்டி இருந்த சராசரி, இப்போது ஒன்றரை மணியை ஒட்டி இருக்கிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் கவலை தருவது. கீசரின் மேட்டில் கிடைத்த கல்லாகிப்போன மரத்துண்டுகளை ஆராய்ந்தபோது, 13, 14ஆம் நூற்றாண்டுகளில் அங்கே மரங்கள் வளர்ந்திருந்தது தெரிந்தது. கொதிநீர் கொட்டும் இடத்தில் மரம் வளராது. அப்படியானால், நீண்ட வறட்சியின்போது பல பத்தாண்டுகள் அந்தக் கீசர் பீறிடவே இல்லை. பருவநிலை மாறிவரும் இந்தக் காலத்தில், அடுத்த பீச்சு எத்தனை மணிக்கு என்று எழுதும் பலகை என்றைக்காவது காலியாக நிற்கலாம்.

அங்கிருந்து பலகை நடைபாதையில் நடந்தோம். இரண்டரைச் சதுர கி.மீ. அளவுள்ள இடத்துக்குள் 150க்கு மேற்பட்ட கீசர்கள். கோட்டை போன்ற மேட்டுடன் ஒன்று; ஆற்றின் குறுக்கே வளைந்து பாய்வது ஒன்று. நடைபாதையைவிட்டு இறங்கக் கூடாது. எச்சரிக்கைப் படங்கள் எங்கும் இருக்கின்றன. தரை கெட்டியாகத் தெரியும். பல இடங்களில் அது அப்பளம் போன்ற மேலோடுதான். கொதிநீரில் விழுந்தும் இறங்கியும் இங்கே இதுவரை 20 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். கரடி கொன்றவர்களைவிட இது அதிகம். 2016இல் நார்ரிஸ் பகுதியில் ஓர் இளைஞர் குளிக்க இடம் தேடி நடைபாதையைவிட்டு இறங்கி, வழுக்கி விழுந்தார். அமிலம் கலந்த கொதிநீர் அது. மறுநாள் மீட்புக் குழு வந்தபோது எடுப்பதற்கு உடல் இல்லை.

இதைச் சொன்னபோது அக்கா மௌனமானாள். "சரி, குளிக்க வேண்டாம். அரிசி?" என்றாள் கொஞ்ச தூரம் போனபின். அவள் மகன் சிரித்துவிட்டான். 2020 ஆகஸ்டில், பூங்காவின் ஷோஷோன் கீசர் பகுதியில் ஒரு குழு இரண்டு முழுக் கோழிகளைச் சாக்குப் பையில் போட்டு ஊற்றில் வேகவைத்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. வழக்கு, அபராதம், பூங்காவுக்குள் நுழையத் தடை. யமுனோத்ரியில் பிரசாதமாவது இங்கே குற்றம். "கோழின்னா பிடிக்கத்தான் வேணும்" என்று தீர்ப்புச் சொன்னாள் அக்கா.

நடைபாதையின் கோடியில் மார்னிங் குளோரி குளம். மார்னிங் குளோரிப் பூவின் வடிவமும் நீலமும் கொண்டதால் அந்தப் பெயர். இப்போது நடுவில்தான் நீலமும் பச்சையும். ஓரமெல்லாம் மஞ்சளும் ஆரஞ்சும். பழைய நீலம் போனதற்குக் காரணம் மனிதக் கைகள். தலைமுறை தலைமுறையாக வந்தவர்கள் காசுகளையும் குப்பையையும் போட்டதில் அடியில் உள்ள துவாரம் அடைபட்டது. சூடு குறைந்தது. சூடு குறைந்ததும், வெந்த நீரில் ஓரமாக வாழ்ந்த மஞ்சள் நுண்ணுயிர்கள் நடுவை நோக்கி நகர்ந்தன. 1950இல் தண்ணீரை இறைத்துக் குளத்தைப் பீறிட வைத்துச் சுத்தம் செய்தபோது, காசுகளோடு கைக்குட்டைகளும் துணிகளும் ஏராளமாக வெளியே வந்தன.

நான் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் கை பர்சுக்குள் இருந்தது. ரயில் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் கோதாவரிக்கும் நர்மதைக்கும் ஒரு ரூபாய் போட்டுப் பழகிய கை. "அம்மா, வேண்டாம்மா" என்று மகன் பதறினான். "போடலைடா, இருக்கான்னு பார்த்தேன்" என்று அவள் கையை வெளியே எடுத்தாள்.

வடக்கே போகும் வழியில் பிஸ்கட் பேசின். 2024 ஜூலை 23ஆம் தேதி காலையில், சுற்றுலாப் பயணிகள் நடந்துகொண்டிருந்தபோதே இங்கே ஒரு குளம் வெடித்தது. எரிமலை வெடிப்பு அல்ல. நிலத்தடிக் கொதிநீர் திடீரென ஆவியானதன் விளைவு. கல்லும் சேறும் பல மாடி உயரத்துக்குப் பறந்து, நடைபாதை சிதறியது. ஒருவருக்கும் காயமில்லை என்பது ஆச்சரியம். அளவுமானிகள் நிறைந்த பூங்காவிலேயே இதை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

அதைத் தாண்டினால் கிராண்ட் பிரிஸ்மாட்டிக். அமெரிக்காவின் மிகப் பெரிய வெந்நீர் ஊற்று. குறுக்களவு சுமார் 100 மீட்டர். நடுவில் கடல் நீலம், பிறகு பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று வளையங்கள். இந்த வளையங்களை உயிருள்ள தெர்மாமீட்டர் என்று சொல்லலாம். நடுவில் சூடு அதிகம். அங்கே நிறமுள்ள உயிர்கள் கிடையாது. தெளிந்த ஆழம் நீலமாகத் தெரிகிறது. ஓரத்துக்கு வர வர நீர் ஆறுகிறது. எந்தச் சூட்டுக்கு எந்த நுண்ணுயிர் தாங்குமோ அது அங்கே குடியிருக்கிறது. ஒவ்வொரு குடிக்கும் ஒரு நிறம்.

இந்தக் குடிகளில் ஒன்றுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். 1966இல் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் பக்கத்தில் உள்ள மஷ்ரூம் ஸ்பிரிங் என்ற ஊற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். 70 டிகிரிச் சூட்டில் சுகமாக வளர்வது. 'தெர்மஸ் அக்வாட்டிகஸ்' என்று 1969இல் பெயரிட்டார்கள். அதனால் என்ன பயன் என்று அப்போது கேட்டிருந்தால் யாருக்கும் பதில் தெரிந்திருக்காது. 1980களில் கேரி முல்லிஸ், மரபணுவை லட்சக்கணக்கில் நகலெடுக்கும் பி.சி.ஆர். முறையைக் கண்டுபிடித்தார். அதில் ஒரு சிக்கல்: ஒவ்வொரு சுற்றிலும் திரவத்தைக் கொதிநிலைக்கு அருகே சூடாக்க வேண்டும், நகலெடுக்கும் என்சைம் வெந்து செத்துவிடும். சூட்டுக்கு அஞ்சாத என்சைம் ஒன்று வேண்டும். அது யெல்லோஸ்டோன் பாக்டீரியாவிடம் இருந்தது. 'டாக்' என்சைம் என்று பெயர். முல்லிஸுக்கு 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. 2020இல் நம் மூக்கில் குச்சியை விட்டு எடுத்த ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனைக்கு அடிப்படை இந்த முறைதான்.

பி.சி.ஆர். உரிமைகள் 1991இல் 30 கோடி டாலருக்குக் கைமாறின. பாக்டீரியா பிறந்த பூங்காவுக்கு ஒரு சென்ட் கூட வரவில்லை. பொது நிறுவனத்தில் சேமித்து வைத்த மாதிரியை எவரும் வாங்கலாம் என்ற நிலை இருந்தது. அதன் பிறகுதான், பூங்காவின் உயிர்களை ஆராய்ந்து லாபம் பார்ப்பவர்கள் அதில் பங்கு தர வேண்டும் என்ற பேச்சு எழுந்து, 1997இல் முதல் ஒப்பந்தம் வந்தது. நம் நாட்டில் 2002இல் வந்த உயிரியல் பன்மைச் சட்டமும் இதே நியாயத்தைப் பேசுகிறது.

மாலை மூன்று மணிக்கு நார்ரிஸ். இங்கே உள்ள ஸ்டீம்போட், இன்று இயங்கும் கீசர்களில் உலகிலேயே உயரமானது. பெரிதாகப் பீறிட்டால் 90 மீட்டரைத் தாண்டும். ஆனால் அதற்கு நேரம் காலம் கிடையாது. 1911 முதல் 1961 வரை ஐம்பது வருஷம் தூங்கியது. 2018இல் விழித்து அந்த ஆண்டு 32 தடவை, அடுத்த இரண்டு ஆண்டுகளில் தலா 48 தடவை பீறிட்டது. பிறகு மறுபடியும் மந்தம். மடக்கு நாற்காலி, பிளாஸ்க், நோட்டுப் புத்தகத்தோடு சிலர் காத்திருந்தார்கள். கீசர்களின் நேரத்தைக் குறித்து வைப்பதே இவர்களுடைய பொழுதுபோக்கு. ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தக் குறிப்புகள் பயன்படுகின்றன. நாங்கள் ஒரு மணி நேரம் நின்றோம். ஸ்டீம்போட் கொஞ்சம் துப்பியது. அவ்வளவுதான்.

பூங்காவைப் புகழ்ந்துவிட்டு, சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. வெள்ளையர் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள். ஷோஷோன் இனத்தின் ஒரு பிரிவினர் மலையாடுகளை வேட்டையாடி இங்கேயே குடியிருந்தார்கள். குரோ, பிளாக்ஃபீட், பானக், நெஸ் பெர்ஸ் என்று பல இனத்தாருக்கு இது வேட்டை நிலமாகவும் வழிபாட்டு இடமாகவும் இருந்தது. பூங்கா வந்ததும் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். செவ்விந்தியர்களுக்குக் கீசர் என்றால் பயம், அதனால் அவர்கள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று ஒரு கதையும் பரப்பப்பட்டது. 1886 முதல் 1918 வரை பூங்காவை அமெரிக்க ராணுவமே காவல் காத்தது. மனிதர் காலடி படாத இயற்கை என்று நாம் ரசிக்கும் காட்சிக்குப் பின்னால் மனிதர்களைத் துடைத்தெடுத்த வேலை இருக்கிறது. புலிகள் காப்பகங்களிலிருந்து கிளப்பப்பட்ட நம் பழங்குடிகளின் கதையைக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

ஆனால் காவலே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. நியூசிலாந்தின் வைராகேயில் 1958இல் பூமிச் சூட்டு மின்நிலையம் திறந்தார்கள். நிலத்தடி நீரழுத்தம் இறங்கியது. பக்கத்தில் இருந்த கீசர் பள்ளத்தாக்கு செத்துப் போனது. அதே நாட்டில் ஒராகேய் கொராகோவில் 1961இல் ஓர் அணையின் நீர் பல கீசர்களை மூழ்கடித்தது. ரோட்டோருவா நகரில் வீட்டுக்கு வீடு போர் போட்டு வெந்நீர் எடுத்ததில் கீசர்கள் தளர, 1980களில் அரசு துணிந்து பல போர்களை மூடியது. ஊற்றுகள் மீண்டும் உயிர் பெற்றன. அமெரிக்காவிலும் நெவாடாவில் துளையிட்டுக் கீசர்களை இழந்த பிறகுதான், யெல்லோஸ்டோனைச் சுற்றிலும் துளையிடச் சட்டக் கட்டுப்பாடு வந்தது.

நம் நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் உண்டு. மணிகரண், ராஜ்கிர், பக்ரேஷ்வர், வஜ்ரேஷ்வரி என்று பெயர் சொன்னாலே வாசகர்களில் பலருக்குத் தாங்கள் முழுகிய இடம் நினைவு வரும். சட்லெஜ் கரையில் இருந்த தத்தாபானியின் இயற்கை ஊற்றுகள் கோல் அணையின் நீர்த்தேக்கத்தில் மூழ்கின. பிறகு துளையிட்டு வெந்நீரை மேலே கொண்டுவந்தார்கள். மணிகரணில், பார்வதி ஆற்றின் கரையில் உள்ள கொதி ஊற்றிலிருந்து தில்லிப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் 'தெர்மஸ் பார்வதியென்சிஸ்'. யெல்லோஸ்டோன் பாக்டீரியாவுக்குப் பங்காளி. லங்கர் அரிசி வேகும் ஊரில் இப்படியொரு செல்வம் இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது.

இப்போது முடிவெடுக்க வேண்டிய இடம் லடாக்கில் உள்ள புகா பள்ளத்தாக்கு. 4,400 மீட்டர் உயரம். கொதி ஊற்றுகள், சேற்றுக் குளங்கள், கந்தகம், போராக்ஸ். சாங்பா மேய்ப்பர்களின் மேய்ச்சல் நிலமும் அதுவே. ஆதிகாலச் செவ்வாய் கிரகத்தை ஒத்த சூழல் என்று விஞ்ஞானிகளும் அங்கே போய் ஆராய்கிறார்கள். பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க ஓ.என்.ஜி.சி. 2021 பிப்ரவரியில் லடாக் நிர்வாகத்தோடும் லே மலை வளர்ச்சிக் கவுன்சிலோடும் ஒப்பந்தம் செய்தது. முதல் கட்டமாக ஒரு மெகாவாட். நான் இதற்கு எதிரி அல்ல. குளிர்காலத்தில் டீசல் எரித்து வாழும் பகுதிக்குப் புகையில்லாத சூடு வரப்பிரசாதம். பசுமைக் குடிலும் பள்ளிக்கூடமும் அதில் கதகதப்பாகும். ஆனால் துளை போடுவதற்கு முன் எந்த ஊற்று எவ்வளவு சூடு, எவ்வளவு நீர், எந்த உயிர் என்று கணக்கெடுத்து வைக்க வேண்டும். ஊற்று தளர்ந்தால் துளையை மூடும் அதிகாரம் யாருக்கு என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். மேய்ப்பர்களை வெளியே நிறுத்திவிட்டு அல்ல, உட்கார வைத்துக்கொண்டு. அமெரிக்காவின் கட்டுப்பாடு நமக்கு வேண்டும். அவர்கள் செய்த வெளியேற்றம் வேண்டாம்.

திரும்பும் வழியில் ஃபயர்ஹோல் ஆற்றில் ஓரிடத்தைக் காட்டி, கோடையில் இங்கே குளிக்க அனுமதி உண்டு என்றான் அக்கா மகன். ஊற்றுகளின் வெந்நீரும் மலைத் தண்ணீரும் கலந்து ஓடும் ஆறு. மூல ஊற்றில் கை வைக்கக் கூடாது. அது வழிந்து வந்த ஆற்றில் இறங்கலாம். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"பத்ரியிலேயும் அதேதான்டா. மேலே கொதிக்கிறது அதுபாட்டுக்குக் கொதிக்கும். கீழே குண்டத்திலே விளாவி வர்றதிலேதான் நாம முழுகறோம். இவங்க குளிக்காததும் சரி, நாம குளிக்கிறதும் சரி. குளிச்சிட்டு சோப்புக் கவரை அங்கேயே போட்டுட்டு வர்றோம் பாரு, அதுதான் தப்பு."